பன்னீர் திராட்சை: தோலில் இருப்பதும் விதையில் இருப்பதும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, சில இடங்களில் மட்டும் செப்பனிட்டு, மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



"பழங்களின் மருத்துவ குணங்கள்" பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள் என்று சங்கச் செயலாளர் போன் செய்தார். நான் மெக்கானிக்கல் படித்தவன், டாக்டர் இல்லை என்றேன். "நீங்கதானே பழம் காயவைக்கிற மெஷின் செய்றீங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டார். உண்மைதான். எனக்குத் தொழில் உணவுப்பொருள் உலர்த்தி, குளிரூட்டும் அறை எல்லாம் வடிவமைப்பது. சொந்த ஊர் ராயப்பன்பட்டி. வீட்டில் தாத்தா காலத்திலிருந்து திராட்சைப் பந்தல். இந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் கிவிப் பழத்தில் ஆரம்பிக்கிறேன். இப்போது கம்பம், சின்னமனூர் பழக்கடைகளில்கூட கிவியைப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பழம் விற்கிற விலைக்கு, சீசனில் நம் ஊர் திராட்சை ஒரு கிலோ வாங்கிவிடலாம். அந்தக் கிவிக்கு ஒரு தம்பி உண்டு. குளிர் தாங்கும் கிவி, கிவி பெர்ரி என்று சொல்கிறார்கள். கொரியா, ஜப்பான், வட சீனா, ரஷ்யாவின் கிழக்கு மூலை, இதெல்லாம் அதன் சொந்த ஊர். நம் திராட்சை அளவுதான் இருக்கும். மேலே முடி கிடையாது, தோலோடு வாயில் போட்டுக்கொள்ளலாம். வைட்டமின் சி இருக்கிறது, கண்ணுக்கு நல்லது என்று சொல்கிற லூட்டீன் இருக்கிறது, பாலிபீனால் இருக்கிறது என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். எல்லாம் உண்மை. அதுவும் ஒரு கொடிதான், பந்தல்தான், கவாத்துதான். ஆனால் குளிர்காலத்தில் நன்றாக உறைந்து தூங்கி எழுந்தால்தான் காய்க்கும். மைனஸ் 30 டிகிரிவரை தாங்குகிற செடி அது. நம் பள்ளத்தாக்கில் மார்கழியில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் போதும். இங்கே அது வராது.

வராத கொடியைப் பற்றி இருபது நிமிஷம் பேசுவதைவிட, நம் வீட்டு வாசலில் இருக்கிற கொடியைப் பற்றிப் பேசுவது எனக்கு நியாயமாகப் பட்டது. இன்னொரு காரணமும் உண்டு. கிவிக்கு முன்னால் இருந்த ஆங்கிலப் பெயருக்கு அர்த்தம் "சீன நெல்லி". நியூசிலாந்து வியாபாரிகள் 1959-ல் பெயரை மாற்றி, தங்கள் நாட்டுப் பறவையின் பெயரை வைத்தார்கள். பழம் அதேதான், சந்தை மாறிவிட்டது. நமக்கும் 2023-ல் "கம்பம் பன்னீர் திராட்சை" என்று புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயருக்குள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியவேண்டாமா?

பன்னீர் என்று ஏன் பெயர் வந்தது? பழுத்த குலையை முகர்ந்து பாருங்கள். ரோஜா வாசம் அடிக்கும். அது கற்பனை இல்லை. இந்த ரகத்தின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் இனத் திராட்சைகளில் லினலூல், ஜெரானியால், நெரால் என்ற வாசனைப் பொருட்கள் மற்ற ரகங்களைவிட அதிகம். அந்த ஜெரானியால்தான் ரோஜாவிலும் இருக்கிறது. எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் மூக்கை மட்டும் நம்பிப் பெயர் வைத்த நம் பெரியவர்கள் வேதியியலில் தப்பு செய்யவில்லை.

1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுகிற சரித்திரம். திராட்சை நூல்களோ, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகமே 1850 வாக்கில் இங்கிலாந்தில் ஒரு கண்ணாடி வீட்டில் ஒட்டுச் சேர்த்து உண்டானது என்கின்றன. இரண்டும் சேர்ந்து நிற்காது. சரித்திரத்துறை மாணவர்கள் யாராவது பழைய கோவில் பங்குக் குறிப்பேடுகளைப் புரட்டினால் ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை கிடைக்கும். அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். வைட்டமின் சி-க்காகத் திராட்சை சாப்பிடுங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 100 கிராம் திராட்சையில் அது 3 மில்லிகிராம் அளவுதான். கிவியில் 90-ஐ ஒட்டி இருக்கிறது. கொய்யாவில் 200-க்கு மேல். வைட்டமின் சி வேண்டும் என்றால் கொய்யா வாங்குங்கள், கிவியைவிட மலிவு. நம் ஊர்ப்பழம் என்பதற்காக இல்லாத பெருமையை நான் சொல்லமாட்டேன்.

திராட்சையின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. பாலிபீனால் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்த சேர்மங்கள். உடம்புக்குள் போய் ஏதோ ஒரு வேலை செய்கிற சேர்மங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழத்தில் இருக்கிற பாலிபீனாலை நூறு பங்காக்கினால் 60 முதல் 70 பங்கு விதையில் இருக்கிறது. 30 பங்கை ஒட்டித் தோலில். நாம் ஆசையாக உறிஞ்சுகிற சதையில் 10 பங்குகூடத் தேறாது. நாம் என்ன செய்கிறோம்? சதையை விழுங்கிவிட்டுத் தோலையும் விதையையும் துப்புகிறோம். விதையைக் கடித்தால் நாக்கில் துவர்க்கிறதே, அதுதான் புரோசயனிடின். எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்து இழுப்பதால் அந்த வறட்சி. கடிக்காமல் முழுசாக விழுங்கினால் விதை போன வழியே வந்துவிடும். அதனால் பயன் பெரிதாக இல்லை. மென்று தின்றால்தான் உண்டு.

தோலில் இருக்கிற கருநீல நிறம் அந்தோசயனின். இதற்கு ஒரு வேடிக்கை உண்டு. பத்துப் பழத்தின் தோலை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். ஒரு டம்ளரில் எலுமிச்சை பிழியுங்கள், ரத்தச் சிவப்பாகும். இன்னொன்றில் சமையல் சோடா ஒரு சிட்டிகை போடுங்கள், நீலமாகி, கூடினால் பச்சைக்கே போய்விடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் செய்து காட்டுங்கள். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது லிட்மஸ் தாள் வாங்கக் கம்பத்துக்கு ஆள் அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தைச் சுற்றிலும் நூறு ஏக்கர் லிட்மஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது ரெஸ்வெரட்ரால். இந்தப் பெயரை விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். இதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பணம் பிடுங்குவது இந்தப் பெயரில்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸும் வெட்டுகிறார்கள், ஆனாலும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் சிவப்பு ஒயின் என்று 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. அடுத்த வருஷமே ஒயினில் ரெஸ்வெரட்ரால் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1997-ல் அது புற்றுநோயைத் தடுக்கலாம் என்று ஆய்வுக்கூட எலிகளை வைத்து ஒரு கட்டுரை. 2003-ல் ஈஸ்ட்டின் ஆயுளைக் கூட்டுகிறது என்றார்கள். 2008-ல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் கம்பெனி, இதை வைத்து மருந்து தேடிக்கொண்டிருந்த சர்ட்ரிஸ் என்ற சின்ன கம்பெனியை 720 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2010-ல் அந்த ரெஸ்வெரட்ரால் மருந்தின் சோதனையை நிறுத்திவிட்டார்கள். 2014-ல் இத்தாலியில், திராட்சைக்கும் ஒயினுக்கும் பேர்போன கியாந்தி வட்டாரத்தில், 65 வயது தாண்டிய 783 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு வந்தது. உடம்பில் ரெஸ்வெரட்ரால் அதிகம் இருந்தவர்கள் அதிக நாள் வாழவும் இல்லை, அவர்களுக்கு இதயநோயோ புற்றுநோயோ குறையவும் இல்லை.

நான் என்ஜினீயர் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 160 கிராம் கருப்புத் திராட்சையில் ரெஸ்வெரட்ரால் அதிகபட்சம் 1.25 மில்லிகிராம். மனிதர்களிடம் நடத்திய சில சோதனைகளில் ஒரு நாளைக்கு 1 கிராம் கொடுத்திருக்கிறார்கள். அந்த 1 கிராமைத் திராட்சையாகத் தின்னவேண்டும் என்றால் 128 கிலோ! எங்கள் வீட்டு மாடுகூட அவ்வளவு தின்னாது. ஆகவே "எங்கள் திராட்சை ரசத்தில் ரெஸ்வெரட்ரால், புற்றுநோய் குணமாகும்" என்று யாராவது பாட்டிலில் எழுதியிருந்தால் அந்தப் பாட்டிலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். ஒயினுக்கும் இதைச் சாக்காகச் சொல்லவேண்டாம். இந்தக் கூட்டத்தில் சிலர் சிரிக்கிறீர்கள், புரிகிறது.

ஆனால் ரெஸ்வெரட்ரால் யாருக்கு மருந்து தெரியுமா? திராட்சைக்கு. பூஞ்சை தாக்கும்போது கொடி தன் தற்காப்புக்காகத் தானே சுரக்கிற பொருள் அது. நமக்காகச் சுரக்கவில்லை.

அப்படியானால் திராட்சையால் நமக்கு ஒன்றும் இல்லையா? இருக்கிறது, அளவோடு இருக்கிறது. விதைச் சாறு மாத்திரைகளை வைத்து நடந்த சோதனைகளை 2011-ல் தொகுத்துப் பார்த்ததில் ரத்த அழுத்தம் மேல் அளவில் 1.5 புள்ளி அளவுக்குக் குறைந்தது. சின்ன எண். பிரஷர் மாத்திரையை நிறுத்துகிற எண் இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அமெரிக்காவில் 1,87,000-க்கு மேற்பட்ட நர்சுகள், டாக்டர்கள் போன்ற மருத்துவத்துறை ஆட்களைப் பல வருஷம் கவனித்தார்கள். வாரத்துக்கு மூன்று முறை திராட்சையோ உலர் திராட்சையோ சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 12 சதவீதம் குறைவாக இருந்தது. அதே அளவுக்குப் பழ ஜூஸ் குடித்தவர்களுக்கு 8 சதவீதம் கூடுதல். திராட்சைதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை, பழம் தின்கிறவர் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பார். ஆனால் பழம் ஒரு பக்கமும் ஜூஸ் எதிர்ப்பக்கமும் போவது கவனிக்கவேண்டியது. ஜூஸில் தோலும் விதையும் நாரும் வடிகட்டியில் நின்றுவிடுகின்றன. டம்ளரில் சேர்வது சர்க்கரை.

சர்க்கரையை மறைக்கமுடியாது. 100 கிராமுக்கு 15 கிராம். என் அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். நாற்பது வருஷம் பந்தலுக்குக் கீழே நின்று குலை வெட்டியவர். வியாதி வந்த நாளிலிருந்து ஒரு பழம் தொடவில்லை. "விளையவச்ச எனக்கே விஷமாப் போச்சே தம்பி" என்பார். போன வருஷம் மதுரையில் ஒரு டாக்டர் அம்மாவின் ரிப்போர்ட் எல்லாம் பார்த்துவிட்டு, சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பழம் மென்று சாப்பிடலாம், ஜூஸ் மட்டும் கூடாது என்றார். அம்மா அன்றைக்கு எண்ணிப் பன்னிரண்டு பழம் சாப்பிட்டார். மூன்று மணிக்கு ஒருதரம் ரத்தம் குத்திப் பார்த்துப் பயந்து, பிறகு சமாதானமானார். உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். என் பேச்சை வைத்து ஆரம்பிக்கவேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சில மாத்திரைச் சீட்டில் "கிரேப்ஃப்ரூட் சாப்பிடக்கூடாது" என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பான். அது திராட்சை இல்லை. பம்பளிமாஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு எலுமிச்சைக் குடும்பத்துப் பழம். அதேபோல வீட்டு நாய்க்கு மட்டும் திராட்சை போடாதீர்கள், அதன் சிறுநீரகத்துக்கு ஆகாது. கைக்குழந்தைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் முழுப் பழம் தராமல் நீளவாக்கில் நறுக்கி விதை எடுத்துக் கொடுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தோலோடு தின்னச் சொல்கிறீரே, மருந்து அடிக்கிறார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழத்தின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்த மாதிரி இருப்பது பெரும்பாலும் பழத்தின் சொந்த மெழுகுதான். அதைப் பார்த்து மருந்து என்று பயப்படவேண்டாம். ஆனால் மருந்தின் மிச்சம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். ஓடுகிற தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், எல்லாம் போகாவிட்டாலும் குறையும்.

நம் பக்கம் மழையும் மேகமூட்டமும் சேர்ந்தால் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும். ஒரே ராத்திரியில் இலைக்கு அடியில் வெள்ளை படர்ந்துவிடும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1880-களில் பிரான்சில் இதே நோய்க்காகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைக்கும் அடிக்கிறோம், அதற்கு மேலும் பல மருந்து அடிக்கிறோம். வட நாட்டில் வருஷத்துக்கு ஒரு அறுவடை. நமக்குக் கொடி தூங்குவதே இல்லை, கவாத்து வெட்டினால் நாலு மாதத்தில் பழம், வருஷத்துக்கு இரண்டு மூன்று வெட்டு. அதனால் மருந்தும் அத்தனை தரம். தின்கிறவருக்கு வருகிற மிச்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது. மருந்தை அண்ணாந்து அடிக்கவேண்டும். அத்தனையும் அடிக்கிறவன் முகத்தில்தான் இறங்குகிறது. ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். சேர்மங்களின் நன்மையைப் பற்றிப் பேசுகிற மேடையில் இதைச் சொல்லாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மெக்கானிக்கல் மாணவர்கள் யாராவது, கீழே ஆள் நிற்காமல் பந்தலுக்கு அடியில் நகர்ந்து மருந்தடிக்கிற ஒரு சின்ன வண்டியைப் புராஜெக்டாகச் செய்யுங்கள். கல்தூண் இடைவெளியை அளந்துகொள்ள எங்கள் தோட்டத்துக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

கடைசியாக, எனக்குத் தூக்கம் வராமல் செய்கிற விஷயம். என் அண்ணன் பந்தலைப் பிரித்துவிடலாமா என்று கேட்கிறார். கல்தூணை விற்றுவிட்டுத் தென்னை வைத்தால் நிம்மதி என்கிறார். காரணம் இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மகாராஷ்டிராவிலிருந்து விதையில்லாத் திராட்சை லாரி லாரியாக வருகிறது. ஜனங்களுக்கு விதை என்றாலே தொந்தரவு. நம் பழமோ காம்பிலிருந்து சீக்கிரம் உதிரும், ஒரு மழை பெய்தால் வெடிக்கும். திராட்சை பறித்த பிறகு பழுக்காத இனம். கிவியைக் காயாகப் பறித்துக் கப்பலில் ஏற்றலாம், வந்து சேர்ந்து பழுக்கும். நம் பழத்தைக் கொடியிலேயே பழுக்கவிட்டுத்தான் வெட்டவேண்டும், வெட்டிய நிமிஷத்திலிருந்து அது இறங்குமுகம். வெயிலில் வெட்டி வெயிலிலேயே பெட்டியில் அடுக்குகிறோம். அந்தச் சூட்டை முதல் சில மணி நேரத்தில் எடுத்து 0 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நாட்கள் கூடும். இது என் தொழில், எனக்குத் தெரியும். ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி மாதிரி ஊர்களில் விவசாயி தன் பழத்தைத் தானே வைத்துக்கொள்ளும் சின்ன அறை வேண்டும். இருபது பேர் சேர்ந்தால் கட்டலாம். சேர்வதுதான் கஷ்டம்.

இன்னொன்று சக்கை. ஜூஸ் பிழிந்தால் பழத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் தோலும் விதையுமாக மிஞ்சும். இவ்வளவு நேரம் நான் சொன்ன சத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. அது நம்மிடம் குப்பைக்குழிக்குப் போகிறது. ஒரு நாள் விட்டால் புளித்துவிடும். அதிகச் சூட்டில் காயவைத்தால் சத்து போய்விடும். 1997-ல் ஸ்பெயினில் செய்து பார்த்திருக்கிறார்கள்: 60 டிகிரியில் காயவைத்தபோது பாலிபீனால் பெரிதாகக் குறையவில்லை, 100 டிகிரியில் கணிசமாகக் குறைந்தது. 60 டிகிரி என்பது நம் ஊர் வெயிலுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு மின்விசிறியும் இருந்தால் எட்டுகிற சூடு. அப்படி ஒன்றைத்தான் இப்போது எங்கள் களத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன். காய்ந்த சக்கையிலிருந்து விதையைப் பிரித்து எண்ணெய் எடுக்கலாம், தோலை மாவாக்கி பிஸ்கட்டிலோ சத்துமாவிலோ சேர்க்கலாம். நிறமே ஒரு சரக்கு. அண்ணனிடம் இரண்டு வெட்டு மட்டும் பொறுத்துக்கொள் என்று கேட்டிருக்கிறேன். "ரெண்டு வெட்டுதான்" என்று விரலைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

வேதியியல் துறையிலிருந்து எனக்கு ஒரு உதவி வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும், மழைக்கால வெட்டிலும் கோடை வெட்டிலும், நம் பன்னீர் திராட்சையின் தோலில் எவ்வளவு அந்தோசயனின், விதையில் எவ்வளவு புரோசயனிடின் என்று ஒரே தோட்டத்தில் இரண்டு வருஷம் தொடர்ந்து அளக்கவேண்டும். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கிற ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரே மொத்த அளவுக்குப் போதும். ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, போய்க் கேட்டால் வழி சொல்வார்கள். பழமும் பஸ் செலவும் என் பொறுப்பு. விருப்பமுள்ள மாணவர்கள் இன்றைக்கே பெயர் கொடுங்கள், அடுத்த கவாத்து வர இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

வெளியே சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டி பழம் கழுவி வைத்திருக்கிறது. விதையைக் கடித்துப் பாருங்கள். முதல் இரண்டு பழத்துக்கு முகம் சுளிக்கும்.